நவம்பர் மாதத்துப் பழுப்பு

வியாழக்கிழமை காலைக் காப்பிக்கு ரென்ஸ்கே வந்தபோது, நீச்சல் குளத்து டிக்கெட் கவுண்டரின் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த ஆல்ட்யே அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கழுத்தைப் பார்த்தாள். கழுத்து பழுப்பாக இருந்தது.

வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. நெதர்லாந்தின் வடக்கே, ஃப்ரீஸ்லாந்துக் கடற்கரையில் அந்த நவம்பர் முழுக்க மழைதான். சைக்கிள்களை நிறுத்தி வைத்தால் காற்று அவற்றை வரிசையாகச் சாய்த்துவிட்டுப் போனது. சூரியன் என்று ஒன்று இருப்பதையே ஊர் மறந்திருந்தது. செப்டம்பரிலிருந்து உடம்பு சரியில்லை என்று வீட்டில் படுத்திருந்து, வாரம் ஒருமுறை காப்பிக்கு மட்டும் தலைகாட்டும் ஒரு நீச்சல் ஆசிரியைக்கு இப்படிப்பட்ட கழுத்து எங்கிருந்து வரும்?

“வா, வா! அட, எவ்வளவு அழகா ஒரு குட்டி நிறம் பிடிச்சிருக்கு உனக்கு!” என்றான் நீச்சல் குளத்தின் மேலாளர் சீட்சே, கோப்பையை உயர்த்தி. “தேறிட்டே போல இருக்கே?”

“இன்னும் இல்ல” என்றாள் ரென்ஸ்கே. “மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குது.”

“பார்த்தா அப்படித் தெரியலையே.”

அவள் சிரிக்க முயன்று, பாதியில் விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

டச்சுக்காரர்கள் நிறத்தை நிறம் என்று மட்டும் சொல்லி நிறுத்த மாட்டார்கள். தொட்டில் குழந்தையைக் கொஞ்சுவதுபோல் அதைச் சின்னதாக்கி, ‘குட்டி நிறம்’ என்பார்கள். குட்டி நிறம் பிடித்தவர் வெயில் உள்ள ஊருக்குப் போய் வந்தவர், கவலையில்லாமல் தூங்கியவர், ஆரோக்கியமானவர். ஆனால் அதே சொல்லைக் கொஞ்சம் இழுத்து, தலையைச் சாய்த்துச் சொன்னால் அது கேள்வியாகிவிடும்: எங்கே போயிருந்தாய்? யார் கொடுத்த விடுப்பு?

சீட்சே இழுத்துத்தான் சொன்னான். ஆல்ட்யே கவனித்தாள்.

அவள் அந்தக் கவுண்டருக்கு வந்தபோது அவளுக்குத் தலை நரைக்கவில்லை. அன்றிலிருந்து ஊரின் கைகளும் கால்களும் அவள் கண்ணாடியைத் தாண்டித்தான் போகின்றன. யார் எங்கே போய் வந்தார்கள் என்பதை அவள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. கால்விரலுக்கு நடுவே வெள்ளைக் கோடு என்றால் செருப்போடு ஸ்பெயின். கண்ணைச் சுற்றி வெள்ளை வட்டம் என்றால் ஆஸ்திரியப் பனிமலை. முழங்கைக்கு மேலே சட்டென்று வெள்ளையாகிவிட்டால் எங்கும் போகவில்லை, வீட்டுத் தோட்டத்தில் புல் வெட்டியிருக்கிறார். கணவன் மட்டும் கறுத்து மனைவி கறுக்காமல் இருந்தால் அதையும் அவள் பார்த்து வைத்துக்கொள்வாள். யாரிடமும் சொல்ல மாட்டாள். சொல்லாமல் வைத்திருப்பதுதான் அவளுக்குப் பிடித்தது.

அவளுடைய சொந்தத் தோலில் மட்டும் படிக்க ஒன்றுமில்லை. பால்புட்டிக் கால்கள் என்று பள்ளியில் சொன்னார்கள். கொஞ்சம் பெரியவளானதும் ‘வெளிறிய குசு’ என்றார்கள். அந்த மொழியில் அது கெட்ட வார்த்தைகூட இல்லை. மாமன் மச்சான் எல்லோர் முன்னாலும் கேக் தின்றுகொண்டே சொல்லக்கூடியது. வெயிலில் நின்றால் அவள் பழுப்பாக மாட்டாள். வெந்த இறாலாவாள், உரிவாள், மறுபடி பால்புட்டியாவாள்.

சின்ன வயதில் பள்ளி மருத்துவர் அவளை ‘வெளிறிய மூக்கு’ என்று எழுதி, ஒரு கோடை முழுக்கத் தீவிலுள்ள பிள்ளைகள் விடுதிக்கு அனுப்பி வைத்தார். மெலிந்த பிள்ளைகளெல்லாம் கடல் காற்றில் நிறம் பிடித்துத் திரும்ப வேண்டும் என்பது ஏற்பாடு. ஞாயிறுதோறும் விடுதித் தலைவி பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்துச் சட்டைக் கையைச் சுருட்டச் சொல்லிப் பார்ப்பாள். மற்றவர்கள் பொரித்த ரொட்டிபோல் ஆகிக்கொண்டிருந்தார்கள். ஆல்ட்யே மட்டும் மாவு.

“நீ நிழல்ல ஒளிஞ்சுக்கிறே, இல்ல?”

“இல்லீங்க.”

“பொய் சொல்லாதே. உன் கையே சொல்லுது.”

பழுப்பான பிள்ளைகளுக்குக் கிடைத்த இனிப்பு அவளுக்குக் கிடைக்கவில்லை. கடைசி ஞாயிறுக்குள், தான் உண்மையிலேயே எங்காவது நிழலில் ஒளிந்திருந்தோமோ என்று அவளுக்கே தோன்ற ஆரம்பித்திருந்தது. ஊர் திரும்பியபின் அதை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் தோல் பேசும், ஆள் பேசுவதைவிடத் தோல் பேசுவதை நம்பலாம் என்பது மட்டும் அவள் மனதில் தங்கிவிட்டது.

காப்பி முடிந்து ரென்ஸ்கே போனதும் சீட்சே கவுண்டர் கதவைத் திறந்து உள்ளே வந்தான்.

“ஆல்ட்யே, நான் கேட்கக்கூடாதது ஒண்ணு. நோய் என்னன்னு முதலாளி கேட்கக்கூடாது, சட்டம் அப்படி. நீ முதலாளி இல்லையே.”

“அதனால?”

“வருஷக் கடைசியோட அவ ஒப்பந்தம் முடியுது. நிரந்தரமாக்கணுமா, வேண்டாமான்னு நான் சொல்லியாகணும். நிஜமாவே முடியாதவன்னா காத்திருக்கலாம். அவ லீவை எடுத்துக்கிட்டு எங்கேயோ மணல்ல படுத்துட்டு வர்றான்னா…” அவன் கையை விரித்தான். “வேலை நேரத்தைப் பிரிச்சுப் போடறது நீதான். அவ வகுப்பையெல்லாம் மத்தவங்க தலையில கட்டறதும் நீதான். நீ என்ன சொல்றியோ அதுதான்.”

“டிசம்பருக்குள்ள சொல்றேன்” என்றாள் ஆல்ட்யே.

அவளுக்கு ரென்ஸ்கே மேல் பகை எதுவுமில்லை. நல்ல ஆசிரியைதான். தண்ணீரைக் கண்டு அலறும் பிள்ளைகளைக்கூட அவளிடம் விட்டால் ஒரு பாட்டு முடிவதற்குள் மிதந்துவிடும். போன கோடையில் எடுத்த ஊழியர் படம் கவுண்டருக்கு எதிர்ச் சுவரில் மாட்டியிருந்தது. அதில் ரென்ஸ்கே அரைக்கால் சட்டையில் நின்றாள், ஆல்ட்யேவுக்குப் பக்கத்தில். இரண்டு ஜோடி பால்புட்டிகள். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஆல்ட்யேவுக்கு தன் இனத்தில் ஒரு துணை கிடைத்த நிம்மதி இருந்தது. இப்போது அந்தத் துணை கட்சி மாறிவிட்டது. ஒருவேளை கோபம் அங்கிருந்துதான் வந்ததோ என்னவோ.

அடுத்த வியாழக்கிழமை ரென்ஸ்கே இன்னும் ஒரு பூச்சு கூடுதலாக வந்தாள். ஆல்ட்யே தயாராக இருந்தாள்.

“உன் வாட்ச் புதுசா? கொஞ்சம் கொடேன், பார்க்கிறேன்.”

“பழசுதான்.” ரென்ஸ்கே கழற்றிக் கொடுத்தாள்.

ஆல்ட்யே வாட்சைப் பார்க்கவில்லை. மணிக்கட்டைப் பார்த்தாள். வார் இருந்த இடத்தில் வெள்ளைக் கோடு இல்லை. சுற்றிலும் இருப்பதைவிட அந்த இடம் இன்னும் கருப்பாகக்கூட இருந்தது. ஒரு கணம் அவள் கணக்கு தடுமாறியது. பிறகு புரிந்துவிட்டது. கோடே இல்லையென்றால் வாட்சைக் கழற்றி வைத்துவிட்டு, துணியையும் கழற்றி வைத்துவிட்டுப் படுத்திருக்கிறாள். ஸ்பெயின் இல்லை. காசு கொடுத்து விளக்கு வெளிச்சத்தில் படுத்து நிறம் ஏற்றிக்கொள்ளும் சூரியப் படுக்கை!

பாய்லர் அறையில் தண்ணீரின் குளோரினைச் சோதித்துக்கொண்டிருந்த ஹெஸ்டியிடம் போய் அதைச் சொன்னாள். ஹெஸ்டி தென் அமெரிக்காவில், பழைய டச்சுக் காலனியான சுரினாமில் பிறந்தவர். அதன் தலைநகர் பாரமரிபோவிலிருந்து இளைஞனாக வந்து, இந்தக் குளத்தின் குழாய்களோடு வயதானவர். ஆல்ட்யே வேறு யாரிடமாவது மனம் திறப்பாள் என்றால் அது அவரிடம்தான், அதுவும் பாதிதான்.

“சூரியப் படுக்கையா? முடிவெட்டற கடைக்குப் பக்கத்துல இருக்கே, அந்த ரொட்டி அடுப்பு மாதிரி?”

“அதேதான். மாடி ஏற முடியலையாம். படுத்துக் கருக மட்டும் முடியுதாம்.”

ஹெஸ்டி சோதனைக் குழாயை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். “இத்தனை வருஷமா நான் இந்த நிறத்தோட இங்கே வேலைக்கு வர்றேன். ஒரு நாளாவது, ‘ஹெஸ்டி, அழகான குட்டி நிறம், எந்த ஊருக்குப் போய்ட்டு வந்தே’ன்னு யாராவது கேட்டிருக்கீங்களா?”

“விளையாடாதே.”

“விளையாடல. லாக்கர் திருட்டு ஞாபகம் இருக்கா?”

ஆல்ட்யேவுக்கு ஞாபகம் இருந்தது. சில வருடங்களுக்கு முன் உடை மாற்றும் அறையில் பணப்பைகள் காணாமல் போயின. ஒரு தாய் யாரையோ பார்த்ததாகச் சொன்னாள். கறுப்பு என்று சொல்ல அவளுக்கு நாக்குக் கூசியது. பழுப்பு என்றால் விடுமுறை ஞாபகம் வரும். ஆகவே, ‘சாயம் ஏறிய ஆள்’ என்றாள். செய்தித்தாளில் வரும் எல்லாக் குற்றவாளிகளுக்கும் அந்த நாட்டில் கொஞ்சமாவது சாயம் ஏறித்தான் இருக்கும், ஏதோ துணிக் கடையில் நனைத்து எடுத்ததுபோல. போலீஸ்காரர் நேராகப் பாய்லர் அறைக்கு வந்தார். திருட்டைப் பற்றிப் போலீஸுக்குத் தொலைபேசியில் சொன்னதே ஹெஸ்டிதான். கடைசியில் பிடிபட்டவன் பக்கத்துப் பண்ணை வீட்டுப் பையன். பனிமலையில் சறுக்கி விளையாடிவிட்டு வந்திருந்தான். கண்ணைச் சுற்றி ஆந்தைபோல வெள்ளை வட்டம்.

“அன்னைக்கு அந்தம்மா சொன்னதுக்கு நீயும் தலையாட்டினே” என்றார் ஹெஸ்டி. “‘லேசா சாயம் ஏறினவர்’னு போலீஸ்கிட்ட திருத்தம் வேற சொன்னே.”

“நான் உன்னைச் சொல்லல.”

“தெரியும். ‘லேசா’ன்னு சொன்னது எனக்காகத்தானே, ரொம்ப நன்றி.” அவர் சிரித்தார். “நான் பழுப்பா இருந்தா திருடன். அவ பழுப்பா இருந்தா லீவுத் திருடி. வெள்ளையா இருக்கிறவங்க மட்டும் எதையும் எடுக்கிறதில்ல போல.”

ஆல்ட்யேவுக்குக் காது சிவந்தது. அவள் தோலில் அதையும் மறைக்க முடியாது. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். ஆனால் அன்று மாலையே வீட்டுக்குப் போகும் வழியில் சைக்கிளை அந்த ரொட்டி அடுப்புக் கடை வாசலில் நிறுத்தினாள்.

கடைக்காரி ஆரஞ்சுப் பழ நிறத்தில் இருந்தாள். “ரென்ஸ்கேவா? நீச்சல் டீச்சரா? இங்கே வந்ததே இல்ல. வந்தா நல்லா இருக்கும், வெளிறிப்போய் இருப்பாளே.”

“இப்ப இல்ல.”

“அப்படியா? அப்ப வேற யார்கிட்ட போறா?” கடைக்காரிக்கும் சந்தேகம் வந்துவிட்டது.

வாடிக்கையாளரைக் காட்டிக்கொடுக்காமல் மறைக்கிறாள் என்று ஆல்ட்யே முடிவு செய்தாள். திரும்பி சைக்கிளில் ஏறும்போது அந்தக் கடைக்காரி இன்னும் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், தன் வியாபாரத்தை யார் கெடுப்பது என்ற யோசனையில்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆல்ட்யேவின் பிறந்தநாள். நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தாள். வந்தவர்கள் அவளுக்கு வாழ்த்துச் சொன்னார்கள், பிறகு ஒருவருக்கொருவர் கை குலுக்கி, ‘ஆல்ட்யேவுக்காக வாழ்த்துகள்’ என்று வட்டத்தை ஒரு சுற்று முடித்து, அவரவர் நாற்காலியில் அமர்ந்தார்கள். ஆளுக்கு ஒரு துண்டு கேக். பிறகு கடுகுத் தொக்கோடு பாலாடைக்கட்டித் துண்டுகள், ஊறிய வெள்ளரிப் பிஞ்சு. சீட்சே வந்திருந்தான். ஹெஸ்டி வந்திருந்தார். ரென்ஸ்கே வருவாள் என்று ஆல்ட்யே நினைக்கவில்லை. அதனாலேயே அவள் வந்ததும் சந்தேகப்பட்டாள். விருந்துக்கு வர முடிகிறது, வேலைக்கு வர முடியவில்லை.

வட்டத்தில் ஒரு நாற்காலியும் பழுப்பைப் பற்றிப் பேசாமல் இருக்கவில்லை.

“பால் விட்ட காப்பி மாதிரி ஆயிட்டியே!”

“பால் விட்டதா? கேரமல் மிட்டாய்!”

“ஆரோக்கியமான குட்டி நிறம். பொறாமையா இருக்கு, ஃபாம்கே” என்றான் சீட்சே. ஃப்ரீசிய மொழியில் பொண்ணே என்று அழைப்பது அது. அவன் செல்லமாகச் சொல்லும்போது ஆல்ட்யேவுக்கு உஷார் மணி அடிக்கும்.

ரென்ஸ்கே எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கேக்கைத் தொடவில்லை. சற்று நேரத்தில் எழுந்து, நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்று, சமையலறைப் பக்கம் போனாள்.

ஆல்ட்யே காப்பிக் கெண்டியை எடுக்கும் சாக்கில் பின்னாலேயே போனாள்.

ரென்ஸ்கே வெள்ளரி ஊறிய ஜாடியை இரண்டு கையாலும் பிடித்து, அதிலிருந்த உப்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தாள். பிஞ்சுகள் அவள் உதட்டில் மோதின. தாகத்தில் கன்று குடிப்பதுபோல் குடித்தாள்.

ஆல்ட்யேவின் மனதில் முதலில் ஓடியது கர்ப்பமோ என்பது. அந்த எண்ணத்தை முழுதாக நினைத்து முடிப்பதற்குள் கண் வேறிடத்துக்குப் போய்விட்டது. ஜாடியின் கண்ணாடி வழியாக ரென்ஸ்கேவின் உள்ளங்கை தெரிந்தது. ரேகைகள் பழுப்பு மையால் வரைந்தவைபோல் இருந்தன. சூரியப் படுக்கை உள்ளங்கை ரேகையை வரையாது. ஸ்பெயினும் வரையாது. ஒன்றே ஒன்றுதான் வரையும்: மருந்துக் கடையில் விற்கும் பழுப்பு க்ரீம். அதைப் பூசிக்கொண்டு கை கழுவ மறக்கிறவர்கள் எத்தனை பேரைக் கவுண்டரில் பார்த்திருக்கிறாள்! ரேகைக்குள்தான் அது தங்கும்.

“பூச்சு!” என்றாள். குரல் உயர்ந்துவிட்டது. “நான் ஊரெல்லாம் தேடறேன், நீ புட்டியில வாங்கிப் பூசிக்கிட்டு வர்றியா? எதுக்கு? எங்களைப் பார்த்துச் சிரிக்கவா?”

ரென்ஸ்கே ஜாடியை வைத்தாள். “என்ன சொல்றே ஆல்ட்யே?”

“கையைக் காட்டு.”

சமையலறைக்குக் கதவு கிடையாது. வட்டத்தில் பாதிப் பேருக்கு அங்கே நடப்பது தெரியும். தலைகள் திரும்பின. ஆல்ட்யே துடைக்கும் துணியைச் சுடுதண்ணீரில் நனைத்து, பாத்திரச் சோப்பை ஊற்றி, அவள் உள்ளங்கையைப் பிடித்துத் தேய்த்தாள். நல்ல பலத்தோடு தேய்த்தாள். நுரை வழிந்தது. கையைப் பிடுங்கிக்கொள்வாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள்.

“தேய்” என்றாள் ரென்ஸ்கே. “போச்சுன்னா எனக்கும் சந்தோஷம்தான். நானும் தேய்ச்சுப் பார்த்துட்டேன்.”

ஆல்ட்யேவின் கை நின்றது. துணி வெள்ளையாகவே இருந்தது. ரேகைகளும் அப்படியே இருந்தன.

“பல் ஈறுலயும் இருக்கு” என்றாள் ரென்ஸ்கே மெல்ல. “முழங்கால்ல சின்ன வயசுக் காயத் தழும்பு ஒண்ணு வெள்ளையா இருந்தது, அதுவும் கறுத்துட்டுது. நான் வீட்டை விட்டு எங்கேயும் போகல, ஆல்ட்யே. திரையைக்கூட விலக்கறதில்ல.”

“டாக்டர்கிட்ட சொன்னியா?”

“களைப்புன்னு சொன்னேன். மனச்சோர்வா இருக்கும், ஓய்வெடுன்னார். நிறம் மாறுதுன்னேன். ஆரோக்கியமா இருக்குன்னார். எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. நல்லா இருக்கே, நல்லா இருக்கேன்னு. ராத்திரி படுத்து யோசிச்சா, நான்தான் பொய் சொல்றேனோ, நிஜமாவே எனக்கு ஒண்ணும் இல்லையோன்னு எனக்கே தோணுது.”

ஆல்ட்யே அந்தக் கையை விடவில்லை. விட வேண்டும் என்பதே அவளுக்குத் தோன்றவில்லை. சட்டைக் கையைச் சுருட்டி வரிசையில் நின்ற ஒரு ஞாயிற்றுக்கிழமையின் கடல் காற்று எங்கிருந்தோ அந்தச் சமையலறைக்குள் வந்து போயிற்று.

ஹெஸ்டி எழுந்து வந்திருந்தார். தன் உள்ளங்கையை விரித்து ரென்ஸ்கேவின் கைக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் ரேகைகள் ஒரே நிறத்தில் ஓடின.

“இது எனக்கு அம்மா அப்பா கொடுத்தது” என்றார். அவர் குரலில் இப்போது கேலி இல்லை. “உனக்கு யாரும்மா கொடுத்தா?”

வட்டத்தில் யாரோ, கேக் நன்றாக இருந்தது என்றார்கள்.

திங்கட்கிழமை காலை ஆல்ட்யே வேலைக்கு வந்ததும் சுவரிலிருந்த ஊழியர் படத்தை ஆணியோடு கழற்றினாள்.

“எங்கே எடுத்துட்டுப் போறே?” என்றான் சீட்சே.

“நீதானே விசாரிக்கச் சொன்னே? விசாரிக்கத்தான்.”

ரென்ஸ்கேவைக் கூட்டிக்கொண்டு போனாள். மருத்துவரின் வரவேற்பு மேசையில் இருந்த உதவியாளர் இளம்பெண். மரியாதையாகத்தான் பேசினாள். “அடுத்த வாரம் நேரம் இருக்குங்க. அவசரம்னா மட்டும்தான் இன்னைக்கு. இவங்களைப் பார்த்தா…” அவள் ரென்ஸ்கேவைப் பார்த்துப் புன்னகைத்தாள். “நல்லா நிறமாத்தானே இருக்காங்க?”

“நல்லா நிறமாத்தான் இருக்கா” என்றாள் ஆல்ட்யே. “அதான் வந்திருக்கோம். வெளிறிப்போய் இருந்தா வீட்லயே விட்டிருப்பேன்.”

“புரியலீங்க.”

“எனக்கும் புரியல. புரியற ஆளைக் கூப்பிடுங்க. வர்ற வரைக்கும் நான் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கப் போறதில்ல. என் வேலையே கண்ணாடிக்குப் பின்னால உட்கார்ந்திருக்கிறதுதான். உங்களைவிட எனக்குப் பழக்கம் அதிகம்.”

அவள் உட்கார்ந்தாள். காத்திருந்தவர்கள் பழைய பத்திரிகைகளுக்குள் முகத்தைப் புதைத்தார்கள். அந்த ஊரில் குரல் உயர்த்துகிறவரை யாரும் நேராகப் பார்ப்பதில்லை.

மருத்துவர் வந்தபோது, ஆல்ட்யே எதையும் விளக்காமல் படத்தை அவர் மேசையில் வைத்து, ரென்ஸ்கேவின் கையை அதன் பக்கத்தில் வைத்தாள். “இது போன ஜூன். ரெண்டு பேர்ல யார் வெள்ளைன்னு அப்ப சொல்ல முடியாது. இப்ப சொல்லுங்க.”

மருத்துவர் படத்தைப் பார்த்தார். கையைப் பார்த்தார். ரென்ஸ்கேவின் உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தார். படுக்க வைத்து ரத்த அழுத்தம் பார்த்தார், எழுந்து நிற்கச் சொல்லி மறுபடி பார்த்தார். நின்றதும் ரென்ஸ்கே தள்ளாடி அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். எடை பார்த்தார். உப்பு மேல் ஆசை இருக்கிறதா என்று கேட்டார். ரென்ஸ்கேவுக்கு முன்னால் ஆல்ட்யே பதில் சொன்னாள்: “என் வெள்ளரி ஜாடியையே காலி பண்ணிட்டா.”

அதற்குப்பின் மருத்துவர் நிறத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தொலைபேசியை எடுத்து நகரத்து மருத்துவமனையோடு தாழ்ந்த குரலில் பேசினார். ஆல்ட்யேவுக்கு அந்தத் தாழ்ந்த குரல் பிடிக்கவில்லை. பெரிய விஷயத்தைச் சின்னதாக்கிச் சொல்பவர்களை அவளுக்குத் தெரியும். ஆம்புலன்ஸில் தானும் ஏறினாள்.

சிறுநீரகங்களின் தலையில் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் சுரப்பிகள் இரண்டும் ரென்ஸ்கேவுக்கு மெல்ல மெல்ல நின்றுகொண்டிருந்தன. அவை நிற்க நிற்கத் தோல் பழுப்பாகும், உடம்பு உப்பைத் தேடும், ரத்த அழுத்தம் இறங்கும். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால், ஒரு சாதாரணக் காய்ச்சலே போதுமாக இருந்திருக்கும். அவ்வளவு ஆரோக்கியமான நிறம் அது. இனி வாழ்நாள் முழுக்கக் காலையிலும் மாலையிலும் மாத்திரை. மறக்கக் கூடாது. மறக்காவிட்டால் மற்றவர்களைப்போல் இருக்கலாம்.

ஆல்ட்யே திரும்பி வந்து படத்தை அதே ஆணியில் மாட்டினாள். பிறகு சீட்சேவின் அறைக்குப் போனாள்.

“என் வாக்குதான்னு சொன்னியே. சொல்றேன். அவளை நிரந்தரமாக்கு.”

“நோயாளின்னா இன்னும் யோசிக்கணுமே, ஆல்ட்யே. எப்ப திரும்புவான்னு தெரியாது.”

“அவ பழுப்பா இருந்தப்ப நடிக்கிறான்னு யோசிச்சே. இப்ப நிஜம்னு தெரிஞ்சும் யோசிக்கிறே. அப்ப உனக்கு என்ன நிறத்துலதான் வேணும்?”

சீட்சே ஜன்னலைப் பார்த்தான். அவன் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. ஆல்ட்யே அவனுக்காகக் காத்திருக்கவும் இல்லை. அன்றிலிருந்து அவனுடைய காப்பி நேரத்தையும் உள்ளே வரும் நேரத்தையும் ரொம்பக் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தாள். கண்ணாடி வழியாக அவள் பார்ப்பதை அவன் பார்த்தான். கிறிஸ்துமஸுக்கு முன் கையெழுத்துப் போட்டுவிட்டான்.

வசந்தத்தில் ரென்ஸ்கே வேலைக்குத் திரும்பினாள். பழுப்பு, சாயம்போன துணிபோல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருந்தது. அரைக்கால் சட்டைக்குக் கீழே பழைய பால்புட்டிகள் எட்டிப் பார்த்தன. மாடிப்படியை ஓடி ஏறினாள்.

“ஐயோ, என்ன இப்படி வெளிறிட்டே!” என்றான் சீட்சே. “உடம்பு சரியில்லையா?”

“பாவம், சுண்ணாம்பு மாதிரி ஆயிட்டாளே” என்றாள் பிள்ளையை வகுப்புக்குக் கொண்டுவந்த ஒரு தாய். “கொஞ்சம் வெயில்ல போய் இரும்மா.”

ஆல்ட்யே கண்ணாடிக்குப் பின்னால் இருந்து அந்தக் கால்களைப் பார்த்தாள்.

அந்த ஆகஸ்டில் ரென்ஸ்கே உண்மையாகவே ஸ்பெயினுக்குப் போனாள். திரும்பி வந்த அன்று காலையில் கழுத்து, கை, கால் எல்லாம் பழுப்பு. கவுண்டர் முன்னால் வந்து நின்று வாயைத் திறக்கும் முன்பே ஆல்ட்யே கண்ணாடித் திறப்பு வழியாகக் கையை நீட்டினாள்.

“வாட்சைக் கழட்டு.”

“மாத்திரை ஒரு வேளைகூட விடல.”

“கழட்டுன்னேன்.”

ரென்ஸ்கே கழற்றினாள். வார் இருந்த இடத்தில் மணிக்கட்டைச் சுற்றி வெள்ளைக் கோடு, பென்சில் பிடித்து வரைந்ததுபோல் சுத்தமாக இருந்தது. ஆல்ட்யே அவள் கையைத் திருப்பி உள்ளங்கையையும் பார்த்தாள். ரேகைகள் இளஞ்சிவப்பு.

“செருப்பையும் கழட்டட்டுமா?”

ஆல்ட்யே எட்டிக் குனிந்து பார்த்தாள். விரல்களுக்கு நடுவே வெள்ளைக் கோடு இருந்தது.

“வேண்டாம். உள்ள போ, பிள்ளைங்க காத்திருக்கு.”

வாளியோடு அந்தப் பக்கம் வந்த ஹெஸ்டி நின்றார். தன் வாட்சைக் கழற்றி மணிக்கட்டைக் கண்ணாடிக்கு நேரே நீட்டினார்.

“எனக்கும் பாரேன். எங்கே போயிருந்தேன்னு சொல்லு.”

ஆல்ட்யே மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, நிதானமாகக் குனிந்து பார்த்தாள். வாருக்குக் கீழே அவருக்கும் ஒரு வெளிறிய பட்டை இருந்தது. இத்தனை வருடத்தில் அவள் பார்த்ததே இல்லை.

“வீட்டுத் தோட்டம்” என்றாள். “சட்டைக் கையைச் சுருட்டி விட்டுட்டுப் புல் வெட்டியிருக்கே. டாக்டர் உன்னைக் குனியக் கூடாதுன்னாரே, இடுப்பு என்னாச்சு?”

ஹெஸ்டி வாளியை எடுத்துக்கொண்டு வேகமாகப் பாய்லர் அறைப் பக்கம் நடந்தார். இடது பக்கம் லேசாகச் சாய்ந்து நடக்கிறாரா என்று அவள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.